இலத்தூரில் எழும்பூர் ஸ்டேஷன் கட்டிய விவரம்

உ

இலத்தூர்,
வியாழக்கிழமை காலை.

சிரஞ்சீவி மாப்பிள்ளை உமாசங்கர் அவர்களுக்கு, மாமனார் முத்துக்குமாரசாமி அநேக ஆசீர்வாதத்துடன் எழுதிக்கொள்வது. முப்பிடாதி அம்மன் புண்ணியத்தில் நான் இங்கே நல்ல சுகம். உங்கள் மாமியார் பேராச்சியும் சுகமாகத்தான் இருப்பாள். அங்கே தாங்களும், மாதம் நெருங்கிய நிலையில் இருக்கும் என் மகள் வித்யாலட்சுமியும் வேளாவேளைக்குச் சாப்பிட்டு நல்லபடியாக இருக்க வேண்டும் என்று அம்மனிடம் தினமும் சொல்லிக்கொண்டிருக்கிறேன்.

இந்தக் காலத்தில் மாமனார் ஏன் கடிதம் எழுதுகிறார் என்று தங்களுக்குத் தோன்றலாம். என் போன் அரிசிப் பானைக்குள் கிடக்கிறது. அது அங்கே போன கதையும் கீழே வரும். போன் நன்றாக இருந்தாலும் இதை நான் எழுதத்தான் செய்திருப்பேன். ஏனென்றால் நான் ஒரு விஷயத்தை விளக்க ஆரம்பித்ததும் தாங்கள் "சரி மாமா, சரி மாமா" என்று சொல்லியே பேச்சை முடித்துவிடுகிறீர்கள். காகிதத்தில் அது நடக்காது.

விஷயம் இதுதான். தலைப்பிரசவம் தாய்வீட்டில் பார்ப்பதுதான் நம் வழக்கம், வித்யாவை இங்கே அழைத்து வருவதாகத்தான் ஏற்பாடு. அவளுக்குப் பிரஷர் இருக்கிறது, ரயிலேறக் கூடாது என்று டாக்டரம்மா சொல்லிவிட்டார்கள். மகள் தாயிடம் வர முடியாவிட்டால் தாய் மகளிடம் போகட்டும் என்று பேராச்சி சொன்னாள், நானும் தலையாட்டினேன். பொதிகை எக்ஸ்பிரஸில் இரண்டு தடவை டிக்கெட் போட்டோம், இரண்டு தடவையும் வரவில்லை. அப்பா வேண்டுமென்றே அம்மாவை அனுப்பாமல் வைத்திருக்கிறார் என்று வித்யா சொன்னதாகக் கேள்விப்பட்டேன். அது அபாண்டம். நடந்ததை நடந்தபடி எழுதுகிறேன், படித்துவிட்டுத் தாங்களே நியாயம் சொல்லுங்கள். டாக்டரம்மா சொன்ன தேதிக்கு இன்னும் நாள் இருக்கிறது. அம்மன் கொடை விழா கழிந்து எட்டாம் நாள் நடக்கிற எட்டாம் பூசை முடிந்த மறுநாள் நாங்கள் இருவரும் ரயிலேறிவிடுவோம், இதில் கடுகளவும் சந்தேகம் வேண்டாம்.

இந்த வருஷம் எங்கள் தெரு முப்பிடாதி அம்மன் கொடைக்கு நான்தான் கமிட்டித் தலைவர். தாங்கள் சென்னையிலேயே பிறந்து வளர்ந்தவர், கொடை என்றால் என்ன என்று தங்களுக்கு அவ்வளவாகத் தெரியாது. பொங்கல், கிடா, மேளம், வில்லுப்பாட்டு எல்லாம் எல்லா ஊரிலும் உண்டு. ஒரு தெருவின் மானம் இருப்பது பந்தல் முகப்பில்தான். சவுக்குக் கம்பு நட்டு, பலகை அடித்து, தெர்மாகோலும் துணியும் ஒட்டி, பெயிண்ட் அடித்து, கலர் பல்பு போட்டு, கோயிலுக்கு முன்னால் தெருவை அடைத்து ஒரு கட்டடத்தையே நிறுத்துவார்கள். போன வருஷம் மேலத்தெருக்காரர்கள் மைசூர் அரண்மனையைக் கட்டிவிட்டார்கள். அதைப் பார்க்க ஆலங்குளத்திலிருந்தெல்லாம் வேன் பிடித்து வந்தார்கள். எங்கள் தெருவில் நாங்கள் ஒரு வாழைமரத்தைக் கட்டி, அதன் மேல் ஒரு குழல்விளக்கைக் கட்டியிருந்தோம். அந்த அவமானத்தில்தான் பொதுப்பணித்துறையில் ஓவர்சியராக இருந்து ஓய்வு பெற்றவன் என்று என்னைத் தேடி வந்து தலைவராக்கினார்கள்.

முதல் கூட்டத்தில் ஆளுக்கொன்று சொன்னார்கள். பொருளாளர் பரமசிவன், ராணுவத்திலிருந்து வந்தவர், டில்லி செங்கோட்டையைக் கட்டலாம் என்றார். பக்கத்திலேயே ஒரு செங்கோட்டை இருக்கும்போது இன்னொன்று எதற்கு என்று அதைத் தள்ளினேன். "எக்மோர் ஸ்டேஷன்" என்றேன்.

பரமசிவன்தான் முதலில் கேட்டார். "ஸ்டேஷனுக்கு வண்டி ஏறத்தான வருவான் அண்ணாச்சி. வேடிக்கை பாக்க எவன் வருவான்?"

"நான் பாத்தேன்" என்றேன்.

தங்களுக்கு ஞாபகம் இருக்கும், தலைப்பொங்கலுக்குப் பொங்கல்படிச் சீர் கொடுக்க நாங்கள் வந்தோமே, அன்றைக்கு ஸ்டேஷனை விட்டு வெளியே வந்ததும் திரும்பி நின்று அண்ணாந்து பார்த்தவன்தான், வித்யா ஆட்டோவுக்குள் உட்கார்ந்துகொண்டு "அப்பா, அப்பா" என்று கூப்பிட்டுக்கொண்டே இருந்தாள். பணியில் இருந்த காலமெல்லாம் நான் பார்த்தது மதகும் மடையும் குளத்துக் கலுங்கும்தான். அந்தச் சிவப்பையும் வெள்ளையையும், வரிசையாக வளைந்து நிற்கிற வாசல்களையும், மேலே கவிழ்ந்திருக்கிற குவிமாடத்தையும் பார்த்தபோது நான் செருப்பைக் கழற்றிவிட்டேன். இதைக் கமிட்டியில் சொல்லவில்லை. கமிட்டியில் வேறு மாதிரி சொன்னேன்.

"மைசூர் அரண்மனைக்குள்ள நம்ம தாத்தன் பூட்டன் எவனாவது காலெடுத்து வச்சிருக்கானா? டில்லிக் கோட்டைக்குள்ள? எக்மோர்ல வச்சிருக்கான். இந்தப் பக்கத்துல இருந்து மெட்ராசுக்கு வேலைக்குப் போனவன் அத்தனை பேரும் டிரங்குப் பெட்டியோட போய் இறங்கினது அங்கனதான். நம்மள உள்ள விட்ட ஒரே அரண்மனை அதுதான்யா" என்றேன். பெண்கள் பக்கத்திலிருந்து கைதட்டினார்கள். பேராச்சி கைதட்டவில்லை, அவள் கையில் வித்யாவின் பிரசவ மருந்துக்காகச் சலித்த காயப்பொடி இருந்தது.

தீர்மானம் நிறைவேறியதும் சரித்திரத்தையும் சொன்னேன். தெரியாமல் ஒரு கட்டடத்தைக் கட்டக் கூடாது. தென்னிந்திய ரயில்வே கம்பெனி கட்டியது, ஆயிரத்துத் தொள்ளாயிரத்து எட்டு ஜூன் மாதம் திறந்தது. வரைந்து கொடுத்தவர் இர்வின் என்று ஒரு வெள்ளைக்காரர், கூட கம்பெனி ஆள் பேர்ட் என்று இன்னொருவர். முகலாயர் பாணிக் குவிமாடமும் நம் ஊர்ச் சிற்பவேலையும் சீமைக் கணக்கும் ஒன்றாகச் சேர்ந்த கட்டடம் அது. எடுத்துக் கட்டியவர் பெங்களூர் கான்ட்ராக்டர் சாமிநாத பிள்ளை. அந்தப் பேரைப் படித்ததும் எனக்கு உடம்பு சிலிர்த்துவிட்டது. நமக்கு அவர் எந்த வகையில் உறவு என்று கல்லிடைக்குறிச்சிச் சித்தப்பாவிடம் விசாரிக்கச் சொல்லியிருக்கிறேன், இன்னும் பதில் வரவில்லை.

முகப்பு கட்டுவதற்கு நாகர்கோவில் பக்கமிருந்து தாணு என்று ஒருவரைப் பிடித்தோம். நல்ல வேலைக்காரர், ஆனால் அவரிடம் ஏற்கெனவே செய்த ஒரு குவிமாடம் இருந்தது, எந்தக் கட்டடத்தைச் சொன்னாலும் அதன் தலையில் அதைத்தான் வைப்பாராம். வெங்காயம் மாதிரி உச்சி கூர்ந்த குவிமாடம். நான் முடியாது என்றேன். "எக்மோர் குவிமாடம் தேங்காச் சிரட்டையக் கவுத்தின மாதிரி இருக்கும்வே, கூர் கிடையாது" என்று போனில் படத்தைக் காட்டினேன். "அண்ணாச்சி, கீழ நின்னு பாக்கிறவனுக்குச் சிரட்டையும் வெங்காயமும் ஒண்ணுதான்" என்றார். பொதுப்பணித்துறையில் இருந்த ஒருவன் இந்தப் பேச்சைக் கேட்டுக்கொண்டு சும்மா இருக்க முடியுமா? புதிதாகச் சிரட்டை செய்ய ஒத்துக்கொள்ள வைத்தேன்.

இப்போது முதல் டிக்கெட். பேராச்சியைச் சென்னையில் விட்டுவிட்டு நான் உடனே திரும்பி வருவதாக ஏற்பாடு. அவள் தனியாக ஆலங்குளம் தாண்டியதில்லை, அவளை ஒற்றையில் ரயிலேற்ற எனக்கு மனசில்லை. அன்று காலையில் குவிமாடத்துக்குக் கம்பு வளைத்து முடித்துவிடுவதாகத் தாணு சொல்லியிருந்தார். பந்தலுக்குப் போய்ப் பார்த்தால் ஆளைக் காணோம். சீசன் நன்றாக இருக்கிறதென்று குற்றாலம் ஐந்தருவிக்குக் குளிக்கப் போய்விட்டாராம். நான் ஊரில் இல்லாதபோது வெங்காயத்தை ஏற்றிவிடுவாரோ என்று எனக்குப் பதற்றம். பேராச்சியிடம், நீ சாமான்களோடு ஆட்டோ பிடித்துத் தென்காசி ஸ்டேஷனுக்குப் போய்விடு, நான் குற்றாலத்தில் அவரைப் பார்த்துவிட்டு நேரே அங்கே வந்துவிடுகிறேன் என்று சொல்லிவிட்டுக் கிளம்பினேன்.

ஐந்தருவியில் தாணு தண்ணீருக்கடியில் நின்றுகொண்டிருந்தார். கூப்பிட்டால் வரவில்லை, கையை மட்டும் ஆட்டினார். படத்தை மறுபடி காட்டலாம் என்று போனை எடுத்துக்கொண்டு நான் பக்கத்தில் போனேன், சாரலில் சட்டை நனைந்தது. நனைந்தது நனைந்தாயிற்று என்று இன்னும் கொஞ்சம் உள்ளே போனேன். மாப்பிள்ளை, அந்தத் தண்ணீர் தலையில் விழுந்தால் மனுஷனுக்குக் குடும்பம் குட்டி ஒன்றும் நினைவுக்கு வராது, தாங்கள் வந்தால் தங்களுக்கும் இதே கதிதான். நாங்கள் இரண்டு பேரும் வெளியே வந்தபோது குவிமாடம் பற்றி ஒரு முடிவுக்கு வந்திருந்தோம், போன் முடிந்துபோயிருந்தது. வழியெல்லாம் கேரளத்து வண்டிகள் ஒன்றின்பின் ஒன்றாக நிற்கின்றன. தென்காசி ஸ்டேஷனுக்குள் நான் ஈர வேட்டியோடு ஓடும்போது பொதிகை போய்விட்டது. பிளாட்பாரப் பெஞ்சில் பேராச்சி உட்கார்ந்திருந்தாள், பக்கத்தில் முறுக்கு டின், லேகிய பாட்டில், குழந்தைக்காக என் பழைய பருத்தி வேட்டிகளைத் துவைத்து மெத்தென்று மடித்துக் கட்டிய ஒரு மூட்டை. அவள் என்னை ஏறிட்டுப் பார்த்து ஒன்றே ஒன்று கேட்டாள்.

"அருவியில தண்ணி நல்லா விழுதா?"

வீடு வந்து சேரும் வரை நான் விளக்கம் சொல்லிக்கொண்டே வந்தேன்.

போனோடு படமும் போய்விட்டது. அதனால் ஒன்றும் குடிமுழுகவில்லை, எழும்பூர் என் மனதுக்குள்ளேயே இருக்கிறது. நான் நின்று சொல்லச் சொல்லத் தாணு கட்டினார். வளைவுகள் வந்தன, தூண்கள் வந்தன, நடுவில் குவிமாடம் சிரட்டை மாதிரியே உட்கார்ந்தது. மஞ்சள் பலகையில் எழும்பூர் என்று மூன்று மொழியில் எழுதி வைத்தோம். பரமசிவன் அதற்கு முன்னால் நின்று தன்னையறியாமல் பையைத் தோளில் மாட்டிக்கொண்டதை நான் கண்ணால் பார்த்தேன். ஒரு கட்டடத்துக்கு அதைவிட வேறு சான்றிதழ் வேண்டாம்.

இரண்டாவது டிக்கெட் அதற்குப் பிறகு. ஆடி மாதத்தில் ஆரியங்காவுக் கணவாய் வழியாக இங்கே அடிக்கிற காற்று எப்படிப்பட்டது என்று வித்யாவைக் கேளுங்கள், சிறுவயதில் அவள் பாவாடையைப் பிடித்துக்கொண்டுதான் பள்ளிக்கூடம் போவாள். இர்வின் துரை மெட்ராஸ் காற்றுக்குத்தான் கணக்குப் போட்டார், எங்கள் காற்றை அவர் பார்த்ததில்லை. நாங்கள் பெட்டி படுக்கையோடு புறப்படுகிற நேரத்தில் தெருவில் ஒரே கூச்சல். போய்ப் பார்த்தால் எழும்பூருக்குத் தலையில்லை. குவிமாடம் கிளம்பி, இரண்டு வீட்டுக்கு மேலே போய், குளத்தடி வயலில் கவிழ்ந்து கிடக்கிறது. அதைச் சுற்றிக் கொக்குகள் நிற்கின்றன. கம்புக்கூடு நன்றாக இருந்தது, துணிதான் கிழிந்து நார்நாராகிவிட்டது.

தாணு சுற்றிவந்து பார்த்துவிட்டு, "அடியில நல்ல பழைய பருத்தித் துணி ஒட்டி அதுக்கு மேல பெயிண்ட் அடிச்சா நிக்கும் அண்ணாச்சி. புதுத்துணி பசையக் குடிக்காது" என்றார். கொடைக்குக் காப்புக் கட்டியாகிவிட்டது, நேரமில்லை. பழைய பருத்தித் துணிக்கு அந்த நேரத்தில் எங்கே போவது? மாப்பிள்ளை, அடுத்து எழுதப்போவதைத் தாங்கள் வித்யாவிடம் வாசித்துக் காட்டும்போது கொஞ்சம் நிதானமாக வாசியுங்கள். நான் பேராச்சியின் மூட்டையை அவிழ்த்தேன். அவை என் வேட்டிகள்தானே என்ற உரிமையில்தான் அவிழ்த்தேன். குழந்தைக்கு வேறு துணி கிடைக்கும், அம்மன் கொடைக்கு வேறு குவிமாடம் கிடைக்காது என்று அந்த நேரத்தில் எனக்குத் தோன்றியது. இப்போது எழுதிப் பார்க்கும்போது அவ்வளவு எடுப்பாக இல்லை, அன்றைக்கு மிகச் சரியாக இருந்தது.

பேராச்சி பந்தலுக்கு வந்து அண்ணாந்து பார்த்தாள். பெயிண்ட் எட்டாத ஓரத்தில் கரை தெரிந்தது. எங்கள் கல்யாண வேட்டியின் கரை அது, அவளுக்குத் தெரியாமல் இருக்குமா. "நான் தனியாப் போறேன். டிக்கெட்டக் குடுங்க" என்றாள். நான் ஒப்பவில்லை. "தனியா ஆலங்குளம் தாண்டாதவ நீ. அந்த ஸ்டேஷன் என்ன லேசா? வாசலே பத்துப் பதினஞ்சு இருக்கும், நீ எதுல போய் எதுல வருவ?" என்றேன். அந்த டிக்கெட்டும் ரத்தாகிவிட்டது.

முகப்பு திறந்த அன்று ஊரே திரண்டது. தென்காசி சவுண்ட் சர்வீஸ் ரிஃபாத் என்கிற பையன்தான் ஒலியும் ஒளியும். நல்ல பிள்ளை, ஆனால் கேட்காத வேலையும் செய்வான். அம்மன் பாட்டுக்கு நடுவில், பயணிகளின் கனிவான கவனத்திற்கு என்று ஸ்டேஷன் அறிவிப்பைச் சேர்த்துவிட்டான். சனங்களுக்கு ஒரே குஷி. சுரண்டையிலிருந்து வந்த வாலிபன் ஒருவன் பலகை முன்னால் நின்று படம் எடுத்து, மெட்ராஸ் வந்து சேர்ந்துவிட்டேன் என்று வீட்டுக்கு அனுப்பினானாம். இண்டர்வியூவுக்குப் போகச் சொல்லி அவன் அப்பா ரயிலேற்றி விட்ட பையன் அவன், செங்கோட்டையில் ஏறித் தென்காசியிலேயே இறங்கியிருக்கிறான். மறுநாள் அந்தத் தகப்பனார் பெல்ட்டோடு வந்து எங்கள் எழும்பூர் முழுக்கத் தேடினார். எந்த மைசூர் அரண்மனையாவது ஒரு தகப்பனை இப்படி நம்ப வைத்திருக்கிறதா என்று நான் பரமசிவனைக் கேட்டேன்.

அன்று சாயங்காலம் ரிஃபாத், செங்கோட்டையிலிருந்து சென்னை எழும்பூர் வரை செல்லும் பொதிகை அதிவிரைவு வண்டி என்று போட்டான். பேராச்சி அடுப்படியிலிருந்து கையைத் துடைத்துக்கொண்டே வெளியே வந்து தெருவில் நின்றாள். நான் பெருமையோடு பக்கத்தில் போனேன். அவள் முகப்பைப் பார்த்துக்கொண்டே கேட்டாள்.

"நீங்க கட்டுன எக்மோருக்கு ஒரு ரயிலாவது வருமா?"

நான் அது முகப்புத்தான், உள்கட்டு கிடையாது என்று விளக்கினேன். அவள் கண்ணில் தண்ணீர் நின்றது. புகை என்று நினைத்தேன்.

அடுத்து கொடையன்று நடந்ததையும் சொல்லிவிடுகிறேன், இது வேறு வாயால் தங்களுக்கு வந்தால் திரித்துச் சொல்லுவார்கள். தெருமுனையில் அம்மனைச் சப்பரத்தில் எழுந்தருளச் செய்து, ஊர் சுற்றி, முகப்பு வழியாகக் கோயிலுக்குள் கொண்டுவர வேண்டும். நான் வளைவை அளந்தது சப்பரத்தின் உயரத்துக்குத்தான், மேலே குடை உண்டு என்பதை யாரும் எனக்குச் சொல்லவில்லை, மதகுக்குக் குடை கிடையாது. வளைவுக்கு முன்னால் வந்து சப்பரம் நின்றுவிட்டது. அம்மன் குடையைச் சாய்க்கக் கூடாது என்று பூசாரி சொல்லிவிட்டார். மேளம் நின்றது. உள்ளே அம்மன் கோயில், வெளியே அம்மன், நடுவில் என் எழும்பூர். பரமசிவன் என்னைப் பார்த்த பார்வையை நான் எழுதப்போவதில்லை.

அந்த நேரத்தில் மகாராஜா என்கிற சாமியாடிக்கு அருள் வந்தது. பட்டாளத்திலிருந்து லீவில் வந்திருக்கிற பிள்ளை, ஆளும் பெரிய ஆள். நேரே என் முன்னால் வந்து நின்று, "என் வீட்டுக்குள்ள நான் போக வழி இல்லையாலே? யாரக் கேட்டுலே என்னய வெளியே நிப்பாட்டுன?" என்று கேட்டார். கூட்டம் முழுக்க என் முகத்தைப் பார்க்கிறது. வேலையில் இருந்தபோது ஆடிட்காரர்கள் கேட்ட எதற்கும் நான் அசந்ததில்லை, இதற்குத் தோளில் கிடந்த துண்டை எடுத்து இடுப்பில் கட்டிக்கொண்டேன். "வெட்டுங்க" என்றேன்.

தாணு ரம்பத்தை எடுத்து நடு வளைவை அறுத்தார். அறுத்ததில் குவிமாடம் ஒரு பக்கமாக இறங்கிவிட்டது. அம்மன் குடை சாயாமல் உள்ளே போனாள். பெண்கள் குலவை போட்டார்கள், எல்லாருக்கும் மேலே கேட்டது பேராச்சியின் குலவைதான். நான் தைரியமாக முடிவெடுத்ததை அவள் மெச்சுகிறாள் என்று எடுத்துக்கொண்டேன். பிறகு கமிட்டிக்கும் விளக்கிச் சொன்னேன். அசல் எழும்பூரில் அந்தக் காலத்தில் மோட்டார் கார் நேரே பிளாட்பாரம் வரைக்கும் போகும்படி வழி வைத்திருந்தார்களாம், அதைச் செய்யாமல் விட்டிருந்தேன், அம்மனே கேட்டு வாங்கிக்கொண்டாள். இறங்கிய குவிமாடத்தை நீலத் தார்ப்பாயால் மூடியிருக்கிறோம். அங்கே அசலிலும் வேலை நடக்கிறது, தகரம் அடைத்திருக்கிறார்கள் என்று தாங்கள்தானே சொன்னீர்கள். ஆகவே இன்றைய தேதிக்கு எங்கள் முகப்புத்தான் எழும்பூருக்கு அச்சு அசல். மேலத்தெருவில் இதற்குப் பதில் சொல்ல ஆள் இல்லை.

பேராச்சி நேற்றுச் சுரண்டைக்கு அவள் அக்காள் வீட்டுக்குப் போயிருப்பதாகப் பக்கத்து வீட்டுச் சங்கரேஸ்வரி சொன்னாள். கொடை அலுப்புத் தீர இருந்துவிட்டு வரட்டும், கோபமும் ஆறும். நான் பந்தலிலேயே படுத்துக்கொள்கிறேன், முகப்புக்குக் காவல் வேண்டும். எட்டாம் பூசைவரை தலைவர் ஊரைவிட்டு நகர்வது முறையல்ல. அது முடிந்ததும் நான் அவளைப் பத்திரமாகக் கையோடு அழைத்துக்கொண்டு வந்து தங்கள் வாசலில் நிறுத்துகிறேன். அதுவரை வித்யா எதற்கும் பயப்படக் கூடாது. பிரசவம் என்பது தேதி சொல்லி வருகிற விஷயம், அப்பா கணக்குப் பார்த்துத்தான் வைத்திருக்கிறேன் என்று அவளிடம் சொல்லவும். தங்கள் தகப்பனாருக்கும் தாயாருக்கும் என் நமஸ்காரம். திருநீறு குங்குமம் இத்துடன் மடித்து வைத்திருக்கிறேன், வித்யா நெற்றியில் தங்கள் கையால் இட்டுவிடவும். அம்மன் உங்கள் குடும்பத்துக்குத் துணையிருப்பாள்.

இப்படிக்கு,
தங்கள் மாமனார்
முத்துக்குமாரசாமி
தலைவர், கொடைவிழாக் கமிட்டி

பி.கு.: உறையை ஒட்டப் பசை கேட்டுப் பந்தலுக்குப் போன இடத்தில் பரமசிவன் தன் போனை என் காதில் வைத்தார். பேராச்சி பேசினாள். தங்களுக்குத் தெரிந்த விஷயம்தான், தங்கள் கைபிடித்துத்தான் ஸ்டேஷனிலிருந்து ஆஸ்பத்திரிக்குப் போயிருக்கிறாள், இருந்தாலும் எனக்கு எழுதாமல் இருக்க முடியவில்லை. நேற்றுப் பொதிகையில் தனியாக ஏறியிருக்கிறாள். டிக்கெட் போட்டது ரிஃபாத், ஸ்டேஷனில் கொண்டுவிட்டது பரமசிவன், சுரண்டை என்று சொல்லச் சொன்னது அவளே. கமிட்டி முழுக்கத் தெரிந்திருக்கிறது, தலைவருக்கு மட்டும் தெரியாது.

"பொம்பளப் பிள்ள. இப்பந்தான், விடிஞ்சு கொஞ்ச நேரத்துல. வலி வரும்போது நான் பக்கத்துலதான் நின்னேன், என் கையத்தான் பிடிச்சிருந்தா. ரெண்டு பேரும் நல்லா இருக்காவ" என்றாள். நான் என்ன கேட்டேன் தெரியுமா மாப்பிள்ளை? எக்மோர்ல குவிமாடத்தைப் பாத்தியா என்று கேட்டேன். வாயில் அதுதான் வந்தது. "நான் எங்க மேல பாத்தேன்? மாப்பிள்ளை எங்க நிக்காருன்னுல்லா பாத்தேன்" என்றாள். பிறகு, "பிள்ள உங்கள மாதிரித்தான். கண்ணத் தொறக்காமலே சத்தம் போடுதா" என்றாள். பக்கத்தில் அந்தச் சத்தமும் கேட்டது.

அதற்குப் பிறகு முகப்புக்குக் கீழே ஒரு நாற்காலியைப் போட்டு உட்கார்ந்தேன். எனக்கு அழுகை வந்துவிட்டது, தார்ப்பாய் காற்றில் படபடத்த சத்தத்தில் யாருக்கும் கேட்டிருக்காது. நான் அனுப்பாமல் வைத்திருந்தேன் என்று வித்யா சொன்னது சரிதான். பேராச்சி ரயிலேறியிருக்காவிட்டால் என் பிள்ளை யார் கையைப் பிடித்திருப்பாள்? மேலே எழுதிய பக்கங்களில் வித்யாவைக் கோபித்தது, எட்டாம் பூசை, என் கணக்கு எல்லாவற்றையும் அடித்துவிட்டதாக எடுத்துக்கொள்ளவும். தலைவர் பொறுப்பைப் பரமசிவனிடம் கொடுத்துவிட்டேன். நாளைப் பொதிகையில் ரிஃபாத் எனக்கு இடம் போட்டுவிட்டான். தபால் எனக்குப் பிறகுதான் வந்து சேரும் என்பதால் இந்தக் கடைசிப் பக்கத்தை மட்டும் அவன் படமெடுத்துத் தங்கள் போனுக்கு அனுப்புகிறான்.

ஒரே ஒரு உதவி. எழும்பூரை யார் வரைந்தார், யார் கட்டினார், எப்போது திறந்தார்கள் என்று எல்லாம் எனக்குத் தெரியும். உள்ளே இறங்கினால் எந்தப் பக்கமாக வெளியே வருவது என்று தெரியாது. பேராச்சியைப் பிளாட்பாரத்துக்கு அனுப்பி வையுங்கள். அவளுக்கு வழி தெரியும்.